ஊருக்கே மேட்டர் எழுதுகிறார்கள்... பாக்கியை யார் கேட்பது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடைக்கும் ஆலைக்கும் கல்லூரிக்கும் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன கிடைக்கும்? ஓர் அலசல்.

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காலையிலேயே பேனாவும் வெள்ளைத்தாளும் வேலையைத் தொடங்கிவிடும். மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆலத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ செந்துறைப் பக்கத்திலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவர், தன் வீட்டுக் கதை மொத்தத்தையும் கொட்டுவார். பட்டா மாறவில்லை, முதியோர் பணம் நின்றுபோனது, பங்காளி வண்டிப்பாதையை மறித்துவிட்டார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் அவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரே பக்கத்தில் அடக்குவார். அனுப்புநர், பெறுநர், பொருள். அதன் கீழே சர்வே எண், கிராமம், வட்டம், முன்பு கொடுத்த மனுவின் தேதி. அழுகையை எடுத்துவிட்டு ஆதாரத்தை வைப்பார். முடித்ததும், “படிச்சுக் காட்டுறேன், சரியா இருக்கான்னு பாருங்கம்மா” என்பார்.

பெரிய கம்பெனிகளில் இப்படி எழுதித் தரும் வேலைக்கு பிசினஸ் கம்யூனிகேஷன் என்று பெயர். தனி அறை, மாதச் சம்பளம், விசிட்டிங் கார்டு எல்லாம் உண்டு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அதே வேலை துண்டு துண்டாகப் பலர் கையில் இருக்கிறது. மனு எழுதுபவர், பத்திரம் எழுதுபவர், டிடிபி சென்டர் நடத்துபவர், ஃப்ளெக்ஸ் டிசைனர், ஆட்டோ விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர், கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை திருத்துபவர், நாலு கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் பட்டதாரிப் பெண். இவர்களில் யாருக்கும் ஒன்றாம் தேதிச் சம்பளம் கிடையாது. வேலை வந்தால் காசு. அதுவும் கேட்டால்தான் வரும். சிலசமயம் கேட்டாலும் வராது.

இவர்களுக்குள் பழக்கம் இல்லாமல் இல்லை. ஒருவர் வெளியூர் போனால் இன்னொருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு உண்டு. ஆனால் யார் எவ்வளவு வாங்குகிறார், யாருக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதைப் பக்கத்துக் கடைக்காரரிடம்கூட வாய் திறந்து சொல்வது அரிது. புது வாடிக்கையாளரைப் பிடித்துத் தரும் குழுக்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. செய்த வேலைக்குக் கூலியைப் பெற்றுத் தரும் குழுதான் இவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

இரண்டு மாவட்டம், ஒரே சந்தை

பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது 1995-இல். அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்தது, மறு ஆண்டே மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது. காகிதத்தில் கோடு மாறிக்கொண்டே இருந்தாலும் பிழைப்பில் கோடு இல்லை. அரியலூருக்கு சென்னை–திருச்சி ரயில் பாதை. பெரம்பலூருக்கு ரயிலே இல்லை, சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மட்டும். ரயிலுக்கு அங்கேயும் ஆஸ்பத்திரிக்கு இங்கேயும் போய்வரும் ஜனம்தான் இந்த எழுத்துத் தொழிலுக்கும் வாடிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். தனித்தனியாகப் பார்த்தால் சிறிய சந்தை. சேர்த்துப் பார்த்தால் 13 லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்தச் சந்தையில் வேலைக்குக் குறைவில்லை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. அரசின் டான்செம் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று தனியார் ஆலைகளும் வரிசையாக உண்டு. இவற்றின் தலைமை அலுவலகங்கள் சென்னை, மும்பை, டெல்லி என்று தூரத்தில் இருப்பதால் ஆண்டறிக்கையும் டிவி விளம்பரமும் இங்கே வராது. ஆனால் லாரி ஓட்டுநருக்கான பாதுகாப்பு அறிவிப்பு, கிராமத்து மருத்துவ முகாமுக்கான நோட்டீஸ், பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த கழிப்பறைக்கான கல்வெட்டு வாசகம் இவையெல்லாம் உள்ளூரில் ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரம்பலூர்ப் பக்கம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காய வியாபாரமும் வேலை தருகின்றன. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மறு ஆண்டே ஆலை திறந்தது. ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல். ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்குப் போகும் இடத்தில் ஆள்சேர்ப்பு நோட்டீஸிலிருந்து பி.எஃப். விளக்கத் தாள் வரை எல்லாமே புரிகிற தமிழில் வேண்டும். அந்த வேலை உள்ளூர்க்காரர்களிடம் வருமா, சென்னை ஏஜென்சியிடம் போய் மொழிபெயர்ப்பாகத் திரும்பி வருமா என்பது, கேட்டுப் பெறுவதற்கு இங்கே யாராவது சேர்ந்து நிற்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

ஓர் ஆடித் தள்ளுபடி நோட்டீஸின் கதை

ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி டிடிபிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். “தம்பி, போன வருஷம் போட்ட மாதிரியே, ஆனா புதுசா இருக்கணும்.” மேட்டர் அவ்வளவுதான். எந்தத் துணிக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை, பழைய பஸ் ஸ்டாண்டு கிளைக்கும் பொருந்துமா என்பதையெல்லாம் போன் போட்டுக் கேட்டு எழுதுவது டிடிபிக்காரர். தலைப்பு யோசிப்பதும் அவர். பில்லில் ‘டைப்பிங் சார்ஜ்’ என்று மட்டும் இருக்கும்.

அவர் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார். ஃப்ளெக்ஸ் டிசைனர் வேறு எழுத்துரு வைத்திருப்பார். இன்ஸ்டாகிராம் பையனுக்கு யூனிகோடு வேண்டும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆனால் அச்சகக் கம்ப்யூட்டர்களில் பழைய எழுத்துருக்களின் ஆட்சி முடியவில்லை. மாற்றும்போது ஒரு கொம்பு இடம் மாறும், ஒரு புள்ளி காணாமல் போகும். இரண்டு கரெக்‌ஷன், மூன்று கரெக்‌ஷன். கடைசியில் போன் நம்பரில் ஓர் எண் தப்பாகப் போய்விட்டால், யார் வீட்டுக் காசில் மறுபடி அடிப்பது? ப்ரூஃபைப் பார்த்து ‘ஓகே’ போட்டது முதலாளிதான். ஆனால் எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லாததால் நஷ்டம் பெரும்பாலும் சின்னவர் தலையில்தான் விடியும்.

அதே வாசகம் பிறகு ஒலிப்பதிவுக்குப் போகும். “தாய்மார்களே, பெரியோர்களே” என்று ஏற்ற இறக்கத்தோடு பேசித் தருபவருக்கு ஒரு முறைதான் கூலி. அந்தக் குரல் ஆடி மாதம் முழுக்கத் தெருத் தெருவாகச் சுற்றும்; அடுத்த ஆண்டு தேதியை மட்டும் ஒட்டிப் போட்டு மறுபடி சுற்றும். ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவை ஓட்டுபவருக்குத் தமிழ்நாட்டில் நலவாரியம் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞருக்கு இருக்கிறது. செயலி வழியாக உணவு கொண்டுவரும் தம்பிகளுக்காக 2023 டிசம்பரில் ஒன்று அமைந்தது. ஸ்பீக்கருக்குள் ஒலிக்கும் குரலுக்குச் சொந்தக்காரரும் அந்த வாசகத்தை எழுதியவரும் தங்கள் தொழிலைச் சொல்லி உரிமை கேட்க ஓர் இடம் இல்லை.

“அடுத்த வேலையில சேர்த்துக்கலாம்”

இந்தத் தொழிலில் ரேட் என்பது எழுதிவைத்த ஒன்றல்ல. “பார்த்துப் போட்டுக் குடுங்க” என்பதில் தொடங்கி “அடுத்த வேலையில சேர்த்துக்கலாம்” என்பதில் முடியும். தெரிந்தவர் என்பதால் அட்வான்ஸ் கேட்கக் கூச்சம். பாக்கியை வற்புறுத்தினால் அடுத்த வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்ற பயம். வாடிக்கையாளருக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். “அவர் பாதி ரேட்டுக்குச் செய்யுறார்” என்ற ஒரு வாக்கியம் போதும். அது உண்மையா என்று அந்த ‘அவரிடம்’ யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால், அவரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் ரேட்டைக் குறைத்திருக்கிறார்கள் என்பது தெரியவரலாம்.

இத்தனைக்கும் சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. ஒற்றை ஆள் நடத்தும் சேவைத் தொழிலும் இதில் குறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். 2020 ஜூலையிலிருந்து இருக்கும் உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசு தளத்தில் கட்டணம் இல்லை. பதிந்தவர்களிடம் வேலை வாங்கியவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாட்கள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டியாக. முறையிடுவதற்கான வசதி மன்றம் திருச்சியிலேயே இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, பணத்தைக் கொடுக்கும்வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. வேலையை எடுக்கும் முன்பே பதிந்துவைத்திருப்பது பாதுகாப்பு. பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் வம்பு வழக்காகலாம்.

இவ்வளவும் இருந்தும் தனி ஒருவர் தன் ஊர் முதலாளி மேல் புகார் கொடுப்பாரா? மாட்டார். மறுநாளும் அதே கடைத்தெருவில்தான் அவர் நடக்க வேண்டும். சட்டம் தரும் பலத்தைக் கையில் எடுக்க, பின்னால் நாலு பேர் நிற்க வேண்டியிருக்கிறது. ‘சங்கத்திலிருந்து கேட்கச் சொன்னாங்க’ என்று சொல்ல முடிந்தால், கேட்பவருக்கும் முகம் கோணாது, கொடுப்பவருக்கும் கௌரவம் போகாது.

சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது

பத்திரம் எழுதுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்காரும் இவர்களுக்குத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு ஆவண எழுத்தர் உரிம விதிகள் உண்டு. பதிவுத்துறை உரிமம் தருகிறது. எழுதிய பத்திரத்தின் கடைசியில் எழுத்தரின் பெயரும் உரிம எண்ணும் இடம்பெறும். எழுதியவர் யார் என்பது ஆவணத்திலேயே நிற்பதால், தப்புக்கும் அவர் பொறுப்பு, மரியாதைக்கும் அவர் உரிமை. பதிவுத்துறை தன் தளத்தில் மாதிரிப் பத்திரங்களைப் போட்டு, மக்களே எழுதிக்கொள்ளலாம் என்று வழி திறந்த பிறகும் இவர்கள் தொழில் அழிந்துவிடவில்லை. அதே தெருவில் மனு எழுதுபவருக்கும் மேட்டர் எழுதுபவருக்கும் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

சினிமாவில் ஓர் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2018-இல் ‘சர்கார்’ வெளிவரும் முன், அது தான் ‘செங்கோல்’ என்ற பெயரில் பதிவு செய்துவைத்த கதை என்று உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் முறையிட்டார். எதிரே விஜய், ஏ.ஆர்.முருகதாஸ், சன் பிக்சர்ஸ். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தின் தலைவராக இருந்த கே.பாக்யராஜ், இரண்டின் மூலக்கதையும் ஒன்றாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், சமரசத்தில் முடிந்தது; படத்தில் வருணுக்கு அங்கீகாரம் கிடைத்தது. முன்கூட்டியே பதிவு செய்துவைக்க ஒரு சங்கமும், அந்தப் பதிவுக்காக வாய் திறக்க ஒரு தலைவரும் இல்லாமல் இது நடந்திருக்குமா?

‘எங்களுக்கு முதலாளியே கிடையாதே, யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பது’ என்று கேட்பவர்களுக்கு அகமதாபாத்தில் பதில் இருக்கிறது. 1972-இல் இளா பட், கூடை சுமப்பவர்கள், தெருவில் காய் விற்பவர்கள், வீட்டிலிருந்து தைப்பவர்கள் என்று சுயதொழில் பெண்களைச் சேர்த்து ‘சேவா’ தொடங்கியபோது தொழிலாளர் துறை இதே கேள்வியைத்தான் கேட்டுப் பதிவை மறுக்கப் பார்த்தது. தொழிற்சங்கம் என்பது ஒரு முதலாளிக்கு எதிராக மட்டுமல்ல, உழைப்பவர்களின் ஒற்றுமைக்காகவும்தான் என்று வாதாடி அவர் பதிவைப் பெற்றார். கடல் தாண்டி நியூயார்க் நகரில், ஃப்ரீலான்ஸர்ஸ் யூனியன் என்ற அமைப்பு பல ஆண்டுகள் போராடி ஒரு சட்டத்தையே கொண்டுவர வைத்தது. 2017 மே முதல் அங்கே 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட தனிநபர் வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வேறு தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும்.

அறிமுகக் குழு வேறு, தொழில் குழு வேறு

‘நெட்வொர்க்கிங்’ என்றதும் இன்று சிறு நகர வியாபாரிகளுக்கு நினைவு வருவது பி.என்.ஐ. போன்ற அமைப்புகள். 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கியது. வாரம் ஒருமுறை காலையிலேயே கூடி, ஒருவருக்கொருவர் வியாபாரத்தைக் கைகாட்டிவிடுவார்கள். அதன் முக்கிய விதி, ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே. 1905-இல் தொடங்கிய ரோட்டரியும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. டிசைனர் ஒருவர் அங்கே போனால் ஹோட்டல்காரரும் நகைக்கடைக்காரரும் வாடிக்கையாவார்கள், நல்லதுதான். ஆனால் ரேட் குறைந்துபோனதைப் பற்றிப் பேச அங்கே இன்னொரு டிசைனர் இருக்கமாட்டார். விதிப்படி இருக்கவும் முடியாது.

ஒரே தொழில்காரர்கள் சேரும் அமைப்பு வேறு வகை. கம்பெனிகளின் எழுத்து வேலைக்காரர்களுக்காக மும்பையில் 1957-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது, ஏ.பி.சி.ஐ. என்பார்கள். உலக அளவில் ஐ.ஏ.பி.சி. 1970-இல் உருவானது. விருதும் மாநாடும் பயிற்சியும் அவற்றின் பலம். உறுப்பினர்கள் பெரும்பாலும் பெருநகரக் கம்பெனிக்காரர்கள். பெரம்பலூர் டிடிபி சென்டர்காரருக்கு இவற்றைவிடப் பொருத்தமான முன்மாதிரி பிரிட்டனின் தனிநபர் பிழைதிருத்துநர் சங்கம். 1988-இல் சிறிதாகத் தொடங்கி, 2020-இல் அரச சாசனம் பெற்ற நிறுவனமானது. எந்த வேலைக்கு மணிக்குக் குறைந்தது எவ்வளவு கேட்கலாம் என்று அது ஆண்டுதோறும் பரிந்துரைப் பட்டியல் வெளியிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. போட்டியாளர்கள் கூடி ‘இதற்குக் கீழே யாரும் வாங்கக்கூடாது’ என்று விலையை நிர்ணயிப்பது நம் நாட்டின் 2002 போட்டிச் சட்டத்தில் தடை. அமெரிக்காவின் எடிட்டோரியல் ஃப்ரீலான்ஸர்ஸ் அசோசியேஷன் போல, உறுப்பினர்கள் உண்மையில் வாங்கிய கூலியைப் பெயர் சொல்லாமல் திரட்டி, ‘இந்த வேலைக்கு வழக்கத்தில் இவ்வளவு’ என்று தெரியப்படுத்துவது வேறு. கட்டளை போடாமலே, தகவல் பரவினாலே பாதி பேரம் தானாக அடங்கும்.

சிறு ஊரில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகத்துக்குப் பதில் அதே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் 2013-இல் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்குத் தமிழிலேயே கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சென்னையின் வாலாக இல்லாமல் ஊரின் பெயரிலேயே நிற்கிறது. அந்தக் குழுவை வளர்த்தது விசிட்டிங் கார்டு பரிமாற்றம் இல்லை. விடாமல் கூடியதும், தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்ததும்.

“போன்லயே வந்துடுதே!”

இப்போது புதுத் தலைவலி ஒன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வாடிக்கையாளரே மேட்டரோடு வருகிறார். “போன்லயே வந்துடுது தம்பி, நீங்க லேசா சரி பண்ணி மட்டும் குடுங்க.” சரி பண்ணுவதற்குக் கால் ரேட். ஆனால் அந்த மேட்டரில் ‘உங்கள் அனுபவத்தை உயர்த்துங்கள்’ என்பது போல எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழ் இருக்கும். அதைப் பிரித்து எழுதப் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இதைத் தனி ஆளாகச் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும். பலரும் ஒரே மாதிரி ‘இயந்திர மேட்டரைத் திருத்தவும் முழுக் கூலிதான், ஏனென்றால் வேலை முழு வேலை’ என்று விளக்கிச் சொன்னால் வழக்கமாகிவிடும். இயந்திரத்தைப் பயன்படுத்தி வேகமாக முடிக்கக் கற்ற இளைஞர், சார்பதிவாளர் அலுவலக நடைமுறை தெரிந்த மூத்தவருக்கு அதைக் காட்டிக் கொடுக்கலாம். வருவாய்த்துறை மனு எப்படி எழுதினால் ஃபைல் நகரும் என்பதை மூத்தவர் அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நிலத்தகராறு மனுவில் எந்த ஆவண எண்ணை முதலில் வைப்பது என்பதை எந்தச் செயலியும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கற்றதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

பதிவுக்கு ஏழு பேர் போதும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. கூட இடமும் பெரிய பிரச்சினை இல்லை. இரண்டு ஊரிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புத்தகத் திருவிழா நடக்கிறது. ஒரு மாதம் பெரம்பலூர், அடுத்த மாதம் அரியலூர் என்று கூடினால் பஸ் செலவும் சமமாகிவிடும். வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதும் என்று நினைத்தால், சில வாரங்களில் அதில் காலை வணக்கப் பூக்கள்தான் மிஞ்சும்.

குழுவின் முதல் ஆண்டு வேலையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் பயன்படுத்த ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தப் படிவம்: என்ன வேலை, எத்தனை கரெக்‌ஷன், அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில், ப்ரூஃப் பார்த்து ஒப்புக்கொண்ட பின் வரும் பிழைக்கு யார் பொறுப்பு. எல்லா உறுப்பினருக்கும் உத்யம் பதிவு. பாமினி மேட்டரை யூனிகோடுக்கு மாற்ற ஒரே வழிமுறை. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவர் வாடிக்கையாளரைத் தட்டிப் பறிக்காமல் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கு. இந்த நான்கும் நடந்தால், புதிய ஆலைகளின் வாசலில் போய் ‘தமிழ் எழுத்து வேலை எங்களிடம் கொடுங்கள்’ என்று கூட்டாகக் கேட்கும் தகுதி தானாக வரும்.

எதிர்ப்பும் வரும். போட்டிக்காரனிடம் என் ரேட்டை ஏன் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லாமலிருந்தும் ரேட் குறைந்துகொண்டுதான் போகிறது. மறைத்ததால் லாபம் அடைந்தது வாங்கியவர்கள் மட்டுமே. சங்கம் என்றால் கட்சி, பதவி, பொன்னாடை என்று ஆகிவிடும் என்ற பயமும் நியாயம்தான். அதனால் பெயர்ப்பலகை, தலைவர், கௌரவ ஆலோசகர் எல்லாம் பிறகு இருக்கட்டும். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வரட்டும். ஏழு பேரும் போன மாதம் செய்த ஒவ்வொரு வேலைக்கும் கேட்ட கூலி எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்பதை உள்ளது உள்ளபடி ஒரு தாளில் எழுதி நடுவில் வைக்கட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு சங்கம் தேவையா என்று யாரும் விவாதிக்க வேண்டியிருக்காது.